வசந்தாமணி கொண்டுபோய்க் கொடுத்த மன்னிப்பு

டெக்ஸஸ் ரவுண்ட் ராக்கில் இரண்டு தமிழ்க் குடும்பங்கள் பேசாமல் இருந்தால் வசந்தாமணிக்குச் சோறு இறங்காது. பொங்கல் விழாக் கமிட்டி இரண்டாக உடைந்து, ஒரே சனிக்கிழமை இரண்டு பொங்கல், இரண்டு மைக் செட் என்று ஆனபோது ஒட்டவைத்தது இவர்தான். கார் நிறுத்துகிற தகராறில் ஒரே தெருவில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்த இரண்டு டாக்டர்களை ஒரே பந்தியில் உட்காரவைத்ததும் இவர்தான். எப்படிச் செய்தார் என்று யாரும் கேட்டதில்லை. எனக்குத் தெரியும், ஏனென்றால் அவருடைய மாவு வேனை ஓட்டுகிறவன் நான்.

என் பெயர் சுந்தரராமன். மாம்பலத்துக்காரன். கம்பெனியில் ஆள் குறைத்தபோது முதலில் குறைந்த ஆள். ஐம்பது தாண்டியவனுக்கு எந்த ரெக்ரூட்டரும் திரும்பப் போன் பண்ணாத காலத்தில், "வூட்டுல உக்காந்து யூட்யூப் பார்க்கறதுக்கு எனக்கு டெலிவரி பண்ணுங்கண்ணா" என்று வேன் சாவியைக் கையில் கொடுத்தவர் வசந்தாமணி. ஆகவே அவர்மேல் எனக்கு நன்றி உண்டு. அதைவிடக் கோபம் அதிகம் உண்டு. இரண்டையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

அவருக்குத் தாராபுரம் பக்கம். எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி. கணவர் சேனாபதி கம்ப்யூட்டர் கம்பெனியில் இன்ஜினியர். அவரோடு டிபெண்டன்ட் விசாவில் வந்து இறங்கியவருக்குப் பல வருஷம் வேலை பார்க்க அனுமதி கிடையாது. படித்த பெண்ணை வீட்டுக்குள் உட்காரவைத்து, பார்ட்டிக்கு நூறு வடை தட்டிக் கொடு என்று ஊரே கேட்டது. தட்டிக் கொடுத்தார். வேலை அனுமதி வந்த அன்று கோயிலுக்குக்கூடப் போகவில்லை, நேரே போய்ப் பெரிய டில்டிங் கிரைண்டருக்கு ஆர்டர் கொடுத்தார் என்று சேனாபதி சொல்லிச் சிரிப்பார். இட்லி மாவு, அடை மாவு, ராகி மாவு. இரண்டு இந்தியன் ஸ்டோர்களும் கோயில் கேன்டீனும் அவரிடம்தான் வாங்கின.

கடைகளுக்கு விற்க வேண்டுமென்றால் லைசென்ஸ் உள்ள கமர்ஷியல் கிச்சன் வேண்டும். மூடிப்போன ஒரு பீட்சா கடையின் பின்கட்டில் அப்படி ஒன்று கிடைத்தது. ஒருவரால் வாடகை தாங்காது என்பதால் மூன்று பேர் சேர்ந்து எடுத்தார்கள். ஒருவர் வசந்தாமணி. இன்னொருவர் ஹாலா, காஸாவில் பிறந்த பெண், கேட்டரிங் செய்கிறவர். திராட்சை இலையில் அரிசியை வைத்துச் சுருட்டும்போது அவர் விரல்களைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். மூன்றாமவர் நோவம், இஸ்ரேல்காரர், ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் ரொட்டியும், கொண்டைக்கடலையும் எள்ளும் அரைத்த ஹம்மஸும் விற்பவர். வீடு என்று வசந்தாமணிக்கு டெக்ஸஸில் ஒன்று உண்டுதான். ஆனால் தன் பெயர் போட்ட இடம் என்று இருந்தது அந்தப் பின்கட்டு மட்டும்தான்.

முதல் சில வருஷம் மூவரும் ஒழுங்காகத்தான் இருந்தார்கள். ஹாலாவும் நோவமும் ஒரே கொண்டைக்கடலை மூட்டையை வாங்கிப் பிரித்துக்கொள்வார்கள். எள் விழுது யாருடையது நல்லது என்று சண்டை போடுவார்கள், ஆனால் அது சிரிக்கிற சண்டை.

பிறகு 2023 அக்டோபர் வந்தது. காஸா எல்லைக்குப் பக்கத்தில் இருந்த நோவமுடைய அக்கா ஊரில் ஆட்கள் செத்தார்கள், சிலரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். நோவம் மாவு பிசையும் மேஜையைப் பிடித்துக்கொண்டு அழுதபோது ஹாலா சொன்னார்: "உங்களுக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது. எங்களுக்கு எத்தனையோ வருஷமாகத் தெரியும்." சில வாரம் கழித்து ஹாலாவின் தங்கை வீடு குண்டு விழுந்து தரைமட்டமான செய்தி வந்தது. தங்கையும் பிள்ளைகளும் எங்கே என்று தெரியாமல் ஹாலா போனையே பார்த்துக்கொண்டிருந்தபோது நோவம் சொன்னார்: "ராணுவம் ஊரை விட்டுப் போகச் சொன்னபோதே போயிருக்க வேண்டும்."

இரண்டு வாக்கியமும் என் காதில் விழுந்தவை. இரண்டையும் திரும்ப வாங்க முடியாது. அன்றைக்கு நின்றது பேச்சு. அந்த நவம்பரில் அங்கே ஒரு வாரம் சண்டையை நிறுத்தினார்கள், இங்கே அதுவும் கிடையாது. மூவருக்கும் பொதுவான கூலரில் கரண்ட் போய் ஒருநாள் ஹாலாவின் பலகாரம் கெட்டுப்போனால் நோவம்தான் ஸ்விட்சைத் தட்டினார் என்று ஹாலா நம்பினார். நோவமுடைய மாவு பொங்காமல் போனால் ஹாலாதான் கதவைத் திறந்துபோட்டு வைத்தார் என்று நோவம் நம்பினார். இருவரும் தங்கள் டப்பாக்களுக்குப் பூட்டு வாங்கினார்கள். ஹம்மஸுக்குப் பூட்டு போட்ட ஆட்களை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

போன வருஷம், அதாவது 2025 ஜனவரியில், காஸாவில் சண்டை நிறுத்தம் என்று செய்தி வந்தது. வசந்தாமணிக்குக் கை துறுதுறுத்துவிட்டது.

"அங்கியே நிறுத்திப்போட்டாங்க, இங்க நிறுத்தறதுக்கு என்னங்கண்ணா?" என்றார்.

"இதுல நாம தலையிட வேண்டாம்மா" என்றேன். "இது பொங்கல் கமிட்டி இல்ல."

கேட்டால்தானே. மாவுப் பெட்டிகளை நான் வேனில் அடுக்கிக்கொண்டிருக்கும்போதே ஹாலாவிடம் போனார். நோவம் அந்த வார்த்தைக்காக ரொம்ப வருத்தப்படுகிறார், மன்னிப்புக் கேட்கச் சொன்னார், நேரில் சொல்லக் கூச்சப்படுகிறார் என்றார். வசந்தாமணியின் ஆங்கிலத்திலும் வாக்கியத்துக்கு வாக்கியம் ஒரு "ங்க" இருக்கும். ஹாலா கையைத் துண்டில் துடைத்தார். பிறகு, "அப்படியே சொன்னாரா?" என்று கேட்டார். "அப்படியேதாங்க" என்றார் இவர். மத்தியானம் நோவம் வந்ததும் அவரிடம் அதே கதை, பெயரை மட்டும் மாற்றி. ஹாலா மன்னிப்புக் கேட்கச் சொன்னாராம்.

நோவமும் கேட்கவில்லை, ஹாலாவும் கேட்கவில்லை. இதுதான் வசந்தாமணியின் வித்தை. டாக்டர்களிடமும் கமிட்டியிடமும் இதைத்தான் செய்தார். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணு என்கிற ஊர்க்காரர்களிடம் இது செல்லும். "அவர் வருத்தப்பட்டாராம்" என்று நடுவில் ஒருவர் வந்து சொன்னால், நம்மாட்களுக்கு அது பொய் என்று பாதி தெரியும். ஆனாலும் இறங்கிவர ஒரு சாக்குக் கிடைத்தது என்று பிடித்துக்கொள்வார்கள். எதிராளியைப் பார்த்து "நீ வருத்தப்பட்டாயாமே, என்ன வார்த்தை சொல்லி வருத்தப்பட்டாய்?" என்று யாரும் விசாரிப்பதில்லை. ஹாலாவும் நோவமும் அந்த ஊர்க்காரர்கள் இல்லை. அவர்கள் ஒரு வருஷத்துக்கு மேல் காத்திருந்ததே அந்த ஒரு வார்த்தைக்குத்தான்.

அன்று சாயங்காலம் வீட்டில் இதைப் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். மகள் வெண்பா, ஹைஸ்கூல் படிக்கிறவள், "அம்மா, தட்ஸ் லையிங். தே வில் ஃபைண்ட் அவுட்" என்றாளாம்.

"உனக்கென்ன கண்ணு தெரியும்? பழகற வரைக்கும்தான் பொய்யி. பழகிட்டா அதுவே நெசமாயிரும்" என்று இவர் அவள் வாயை அடைத்துவிட்டார்.

பொய் வேலை செய்யத்தான் செய்தது, அதைச் சொல்லாவிட்டால் நான் பொய்யன். ஒரு வாரத்தில் நோவமுடைய தட்டில் ஹாலா செய்த மாமூல், அதாவது பேரீச்சம்பழம் வைத்த அரபு பிஸ்கட், நான்கு இருந்தன. மறுநாள் ஹாலாவின் பக்கத்தில் ஒரு ரொட்டி. பூட்டுகள் போயின. ஒருவர் வரும்போது இன்னொருவர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். நேருக்கு நேர் பேச்சு காலை வணக்கத்தைத் தாண்டவில்லை, ஆனால் அதுவே பெரிய விஷயம். வசந்தாமணி என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்குவார். எனக்கு எரிச்சலாக வரும், கூடவே சந்தோஷமாகவும் இருக்கும்.

மார்ச்சில் ஒரு ராத்திரி அங்கே நிறுத்தம் உடைந்தது. நானூறு பேருக்கு மேல் செத்தார்கள் என்றது செய்தி. முன்பு வீடு இடிந்தபோது தாயோடு தப்பியிருந்த ஹாலாவின் தங்கை மகன் ஒருவனும் அதில்.

ஹாலா மூன்றாம் நாளே வேலைக்கு வந்தார். நோவம் அவரைப் பார்த்தார், தலையைக் குனிந்துகொண்டார், ரொட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவருக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை என்பது என் ஊகம். மனிதர் திருதிருவென்று விழித்தார். ஆனால் ஹாலாவுக்கு அது ஊசி மாதிரி ஏறிவிட்டது. ஒருமுறை மன்னிப்புக் கேட்டவன் இப்போது ஒரு வார்த்தை சொல்ல மாட்டானா? அப்படியானால் அந்த மன்னிப்பு எதற்கு? கூலரில் மறுபடி பூட்டு வந்தது.

வசந்தாமணி விடவில்லை. நோவம் துக்கம் கேட்க ஹாலாவின் வீட்டுக்கே வந்ததாகவும், வாசலில் நிறைய கார் நின்றதால் திரும்பிப் போனதாகவும் ஹாலாவிடம் சொன்னார். ராணுவத்தில் இருக்கும் உங்கள் அக்கா பையன் நலமா என்று ஹாலா விசாரித்தார் என்று நோவமிடம் சொன்னார். வேனில் வரும்போது நான் கத்தினேன்.

"ஏம்மா, ஒரு பொய்ய நிக்கவைக்க இன்னொரு பொய்யா? பையன் செத்துப்போயிருக்கான்மா. இதுல போய்..."

"பின்ன என்னங்கண்ணா பண்ணச் சொல்றீங்க? ரெண்டு பேரும் மனசுல வருத்தம் இல்லாதவங்களா? வாய்தான் வரமாட்டேங்குது. வாய் வராதவங்களுக்கு நான் வாயாயிட்டுப் போறேன். யாருக்கு நட்டம்?"

அவர் கண்ணில் தண்ணீர் நின்றதால் அதற்குமேல் நான் பேசவில்லை. பேசியிருக்க வேண்டும் என்று இப்போது நினைத்து என்ன பிரயோஜனம்.

அக்டோபரில் மறுபடியும் அங்கே நிறுத்தம் வந்தது. பிடித்துவைத்திருந்தவர்களில் உயிரோடு இருந்தவர்கள் வீடு திரும்பினார்கள். செத்தவர்களின் உடல்கள் ஒன்றொன்றாக வந்தன. நோவமுடைய அக்கா ஊர்க்காரர் ஒருவருடைய உடல் இன்னும் வரவில்லை. வேண்டுமென்றேதான் கொடுக்காமல் இழுக்கிறார்கள் என்று நோவம் போனில் யாரிடமோ கத்தியது எனக்குக் கேட்டது. இடிந்த வீட்டுக்குத் திரும்பிய தங்கை, மறுபடி எப்போது அடிப்பார்கள் என்று மூட்டையைப் பிரிக்காமலே வைத்திருப்பதாக ஹாலா சொன்னார். நிறுத்தம் என்று பெயர். அதை நம்பி ஒரு மூட்டையைப் பிரிக்க ஆள் இல்லை.

அதே மாதக் கடைசியில்தான் எங்கள் தலைக்குமேல் கத்தி. லீஸ் முடிகிறது. கட்டடத்து ஓனருக்கு மொத்த இடத்தையும் ஒரு டெலிவரி கம்பெனி கேட்டுக்கொண்டிருந்தது. பழகிய ஆட்கள் என்பதால் அவர் ஒரு சலுகை கொடுத்தார்: புதன்கிழமை சாயங்காலத்துக்குள் மூவரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் இன்னும் ஐந்து வருஷம், ஒருவர் குறைந்தாலும் காலி செய்ய வேண்டும்.

வசந்தாமணி புதன் மத்தியானம் கிச்சனிலேயே விருந்து வைத்தார். பகையாளி இருவர் ஒரே இடத்தில் கை நனைத்துவிட்டால் பகை முடிந்தது என்பது அவர் ஊர்க் கணக்கு. முஸ்லிம்களின் ஹலாலா, யூதர்களின் கோஷரா என்ற பேச்சே எழாதபடி எல்லாம் சைவம்: அரிசிம்பருப்புச் சாதம், கத்தரிக்காய்ப் பொரியல், ரசம், கச்சாயம். ஸ்டீல் மேஜைமேல் வாழையிலை போட்டார். லீஸ் பேப்பரை ஓரத்தில் வைத்துப் பேனாவையும் வைத்தார்.

செவ்வாய் ராத்திரி அங்கே மறுபடி அடித்தார்கள். புதன் காலை செய்தியில் நூறு பேருக்கு மேல் என்றார்கள். நிறுத்தத்தை நீ மீறினாய், இல்லை நீதான் மீறினாய் என்று இரண்டு பக்கமும் அறிக்கை. மத்தியானம் அந்த நிறுத்தம் இன்னும் அமலில்தான் இருக்கிறது என்று இன்னோர் அறிக்கை. கேட்டுக்கொண்டிருந்த எனக்கு ரேடியோவைப் பிடுங்கி எறியலாம் போல இருந்தது. "தள்ளி வெச்சுக்கலாம்மா" என்று வசந்தாமணியிடம் சொன்னேன். "ஓனரு தள்ள மாட்டாருங்கண்ணா" என்றார். அதுவும் உண்மைதான்.

இருவரும் வந்தார்கள். அதை நான் எதிர்பார்க்கவில்லை. இலைக்கு இந்தப் பக்கம் ஹாலா, அந்தப் பக்கம் நோவம். ஹாலாவின் தங்கை போன் எடுக்கவில்லையாம். யாரும் சாதத்தைத் தொடவில்லை. வசந்தாமணி ரசத்தை எடுத்துக்கொண்டு வரும்போது ஹாலா நோவமைப் பார்த்துப் பேசினார். இரண்டு வருஷத்தில் வணக்கத்தைத் தாண்டி அவர் பேசிய முதல் வாக்கியம் அது.

"ஜனவரியில் நீங்கள் வசந்தாவிடம் சொல்லியனுப்பினீர்கள். 'போயிருக்க வேண்டும்' என்று சொன்னதற்காக. அதை இன்றைக்கு என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். நான் கையெழுத்துப் போடுகிறேன்."

நோவம் விழித்தார். "நான் எதையும் சொல்லியனுப்பவில்லை" என்றார். "நீங்கள்தான் சொல்லியனுப்பினீர்கள். நான் அழுதபோது நீங்கள் சொன்னதற்காக."

"நானா?"

"என் அக்கா பையனைப் பற்றி விசாரித்தீர்களே, மார்ச்சில்."

"எந்தப் பையன்?" என்றார் ஹாலா. "அப்படியானால் நீங்கள் என் வீட்டு வாசல்வரை வந்தது?"

"உங்கள் வீடு எங்கே இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது."

அப்புறம் இரண்டு பேரும் சேர்ந்தாற்போல வசந்தாமணியைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்த இரண்டு வருஷத்தில் அவர்கள் இருவரும் ஒன்றாகச் செய்த காரியம் அது ஒன்றுதான். ரசப் பாத்திரம் இன்னும் அவர் கையில் இருந்தது.

"நல்லதுக்குத்தாங்க சொன்னேன்" என்றார். தமிழிலேயே சொல்லிவிட்டார். பிறகு ஆங்கிலத்தில் திரும்பச் சொன்னார். இருவருக்கும் மனசில் இருந்ததுதான், நான் வாயால் சொன்னேன், அவ்வளவுதான் என்றார். பாத்திரத்தை வைத்துவிட்டு நோவமுடைய பக்கம் போய் நின்று, "இப்போ சொல்லிருங்க. நெசமாவே சொல்லிருங்க. நீங்களும் சொல்லிருங்க ஹாலா. ரெண்டே வார்த்தை, எல்லாஞ் சரியாப் போயிரும்" என்று கெஞ்சினார்.

நோவம் கோபமாகப் பேசுவார் என்று நினைத்தேன். களைத்த குரலில் பேசினார்.

"சொல்ல வேண்டும் என்று பலநாள் நினைத்தேன் வசந்தா. அந்தப் பையன் செத்த வாரம் அவர் கார்வரைக்கும் போனேன். ஆனால் அவரே முதலில் மன்னிப்புக் கேட்டுவிட்டாரே, கணக்கு முடிந்துவிட்டதே, இனி பழசைக் கிளறுவானேன் என்று திரும்பிவிட்டேன். நீ குறுக்கே வராமல் இருந்திருந்தால் அன்றைக்குச் சொல்லியிருப்பேன். இப்போது நான் எதைச் சொன்னாலும் நீ சொல்லிக்கொடுத்தது என்றுதான் அவர் நினைப்பார்."

"ஆமாம்" என்றார் ஹாலா. "அப்படித்தான் நினைப்பேன்."

அவர் எழுந்து பையை எடுத்துக்கொண்டு வெளியே போனார். நோவம் பேப்பரை ஒருமுறை பார்த்துவிட்டுப் பேனாவை எடுக்காமலே பின்வாசல் வழியாகப் போய்விட்டார். மூன்று இலையும் அப்படியே கிடந்தன. எனக்கு வந்த கோபத்தில் யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை. அங்கே குண்டு போடுகிறவர்களைத் திட்டினால் அவர்களுக்குக் கேட்காது. இங்கே பேசத் தெரியாத இருவரைத் திட்டலாம், நல்லது செய்கிறேன் என்று நஞ்சைக் கலக்கிய இந்த அம்மாளைத் திட்டலாம். வசந்தாமணி கிரைண்டர்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். இத்தனை வருஷம் காத்திருந்து வாங்கியது. வீட்டுக் கராஜில் அதை ஓட்ட முடியாது, ஓட்டினாலும் கடைக்காரன் வாங்க முடியாது. அது அவருக்கும் தெரியும்.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஹாலா போகவில்லை. பார்க்கிங்கில் காருக்குள் உட்கார்ந்து, போனைக் காதில் வைத்துக்கொண்டிருந்தார். தங்கை எடுக்காத போன்.

வசந்தாமணி முந்தானையால் முகத்தைத் துடைத்தார். விருந்துக்கென்று பட்டுச்சேலை கட்டி வந்திருந்தார். "அண்ணா, நீங்க போயி ஹாலாகிட்டச் சொல்லுங்கண்ணா. வசந்தா ரொம்ப வருத்தப்படறான்னு..."

எனக்கு அதுவரை அடக்கிவைத்ததெல்லாம் வெடித்துவிட்டது.

"போதும்மா! இன்னும் ஒரு வார்த்தை ஒருத்தர் மூலமா இன்னொருத்தருக்குப் போச்சுன்னா நான் இந்த வண்டியவே ஓட்ட மாட்டேன். கால் இருக்குல்ல? வாய் இருக்குல்ல? நீயே போ. போய் உனக்காகச் சொல்லு."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். இதுவரை யாருக்காகவோ பேசியவருக்குத் தனக்காகப் பேச வழி தெரியவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. இருந்தாலும் போனார். வெயிலில், பட்டுச்சேலையோடு, செருப்புகூடப் போடாமல் அந்தக் கார்வரை நடந்தார். பின்னாலேயே வாசலுக்கு வந்து நின்ற எனக்கு எல்லாம் கேட்டது. கண்ணாடியைத் தட்டினார். ஹாலா இறக்கினார்.

"நான் பொய் சொன்னேங்க. இப்போ வந்தது அவருக்காகவும் இல்லை, கிச்சனுக்காகவும் இல்லை. என்னை மன்னிச்சிருங்க, ஹாலா." ஆங்கிலம்தான், அதே "ங்க"வோடு. சொல்லும்போதே குரல் உடைந்து அழுதுவிட்டார்.

ஹாலா அவர் முகத்தையே பார்த்தார். கெட்ட எண்ணத்தோடு பார்க்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புகிறவர் பார்க்கிற மாதிரிதான் பார்த்தார்.

"நோவம் அனுப்பினாரா?" என்று கேட்டார்.

இல்லை என்று வசந்தாமணி தலையை ஆட்டினார். ஹாலா இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.